டேங்குக்கு முகம் கிடையாது

என் முகம் மஞ்சள். நிறத்தைச் சொல்லவில்லை, நிறத்தில் நான் நல்ல கறுப்பு. பட்டையைச் சொல்கிறேன். எந்தத் திரையில் என் முகம் வந்தாலும் அதன் அடியில் ஒரு மஞ்சள் பட்டை ஓடும், அதில் 'நகைச்சுவை' என்று எழுதியிருக்கும். கல்யாணப் பந்தியில் நான் சாம்பார் கேட்பதை எவனாவது வீடியோ எடுத்துப் போட்டால் அதுவும் நகைச்சுவை. என் அம்மா செத்த அன்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்த வீடியோவுக்கும் மஞ்சள்தான் வந்தது, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பட்டை சும்மா வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் போலி வீடியோக்கள் நாட்டை ஆட்டிப் படைத்த காலம் ஒன்று இருந்தது. செத்துப்போன தலைவர்கள் எழுந்து வந்து ஓட்டுக் கேட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் தாங்கள் பேசாததைப் பேசி அடி வாங்கினார்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. எந்தப் போனில், எந்த டிவியில் எந்த முகம் வந்தாலும் அதற்கொரு பட்டை. பச்சை என்றால் செய்தி. மஞ்சள் என்றால் நகைச்சுவை. நீங்கள், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர் எல்லோரும் சாம்பல், அதாவது தனிநபர். சாம்பலை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. ஏனென்றால் கோகுல்நாத்துக்குப் பச்சை கிடைத்திருந்தது.

கோகுல்நாத்தும் நானும் 'எக்காளம் நியூஸ்' சேனலில் ஒரே நாளில் நிருபர்களாகச் சேர்ந்தவர்கள். ஒரு நடிகரின் நாய்க்கு ஜலதோஷம் என்பதை 'சற்றுமுன்' என்று போட்டு வாசிக்கச் சொன்னார்கள். நேரலையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அன்றைக்கே சீட்டைக் கிழித்தார்கள். அவன் அதே செய்தியைக் கண்கலங்க வாசித்தான். இன்றைக்கு அவன்தான் அங்கே எல்லாம். மாலையானால் எட்டுப் பெட்டிகளில் எட்டுப் பேரை உட்கார வைத்துக் கத்த விடுவான். கத்தி முடித்தபின், என்ன விஷயத்துக்காகக் கத்தினார்கள் என்று கத்தியவர்களைக் கேட்டால்கூடத் தெரியாது.

அவனைக் கிண்டல் செய்துதான் நான் சோறு தின்றேன். வடபழனியில் ஒரு சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்து, நானும் ரூபனும் 'பச்சைப் பொய்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினோம், அது போனிலும் டிவியிலும் ஓடியது. ரூபன் என்னோடு சேர்ந்து எழுதுகிறவன். கேமராவும் அவன்தான், கணினியும் அவன்தான். "மக்களே, பதற வேண்டாம்! ஆனால் பதறிக்கொண்டே இருங்கள்! விளம்பர இடைவேளைக்குப் பிறகும் பதறலாம்!" என்று கோகுல்நாத் குரலில் நான் ஆரம்பித்தால் ஹால் அதிரும். முடிக்கும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கண்ணாடியைக் கழற்றுவேன். குரலைத் தாழ்த்தி, "இது மட்டும் சத்தியமா நிஜம்" என்பேன். அப்புறம் அன்றைய பொய்களிலேயே பெரிய பொய்யை அவிழ்த்து விடுவேன். நான் கண்ணாடியில் கை வைக்கும்போதே முன்வரிசை சிரிக்கத் தொடங்கிவிடும்.

ஒருமுறை என் பட்டையை மாற்றச் சொல்லி, பட்டை போடும் அரசாங்க அலுவலகத்துக்கே போனேன். நல்ல பெண் ஒருத்தி இருந்தாள், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தாள்.

"மேடம், சிஸ்டம் உண்மையா பொய்யான்னு பாக்கறதில்ல. அதெல்லாம் யாராலயும் முடியாது."

"பின்ன எதைப் பாக்குது?"

"பாக்கறவங்க மூஞ்சியைப் பாக்குது. எல்லாப் போன்லயும் முன்னாடி கேமரா இருக்கில்ல? உங்களப் பாத்தா சிரிக்கறாங்க. கோகுல்நாத் சாரைப் பாத்தா பயப்படறாங்க, கோவப்படறாங்க. பயந்தா செய்தி, சிரிச்சா காமெடி. அவ்ளோதான் மேடம்."

"அந்தாளு பச்சையாப் புளுகறானேம்மா?"

"யாரும் சிரிக்கலையே மேடம்."

அதையும் நிகழ்ச்சியில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

இப்போது வடிவுக்கு வருகிறேன். வடிவு என் தங்கை. வடக்கே, முகத்துவாரத்தை ஒட்டி முனையூர் என்ற ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். அவள் புருஷன் வேலு அங்கிருந்த உரக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, வேலை டேங்க் யார்டில். தெருவுக்கு மேலே மலை மாதிரி நிற்கும் இரண்டு அமோனியா டேங்குகள். ஊரே மூத்திர நாற்றம் அடிக்கும், அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஒரு நாள் காலையில் வடிவு போன் செய்தாள். குரல் சரியில்லை.

"அக்கா, கூலிங் மிஷின் நின்னு போச்சாம். டேங்குல ப்ரஷர் ஏறிட்டே போவுதாம். அத எறக்கி விடற வால்வும் துருப்புடிச்சுக் கெடக்குதாம். இவரு மேஸ்திரிகிட்ட சொன்னதுக்கு, வாய மூடிட்டு வேலையப் பாருன்னுட்டானாம்."

"வேலு என்ன சொல்றான்?"

"பயந்துட்டாருக்கா. போன்ல மீட்டர வீடியோ எடுத்துட்டு வந்திருக்காரு. அனுப்பறேன் பாரு."

பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டித் துடித்துக்கொண்டிருந்தது.

"புள்ளையத் தூக்கிட்டு இப்பவே கெளம்பி இங்க வா. ரெண்டு பேரும் வாங்க."

"இவரு ஷிப்டுக்குப் போலேன்னா கான்ட்ராக்ட கட் பண்ணிடுவான். நான் மட்டும் வந்து என்னக்கா பண்ண? தெருவே இருக்கு. நீ டிவில பேசறவதானே, எப்படியாவது வெளிய சொல்லுக்கா. எல்லாரையும் வெளியேத்தச் சொல்லு."

அது எவ்வளவு சின்ன வேலை என்று நினைத்தாளோ, பாவி மகள்.

முதலில் கோகுல்நாத்தைத்தான் கூப்பிட்டேன். தினமும் மானத்தை வாங்குகிறவள் கூப்பிட்டும் எடுத்துப் பேசினான், அந்த மட்டுக்கும் நல்லவன்.

"இன்னும் ஒண்ணும் ஆகலையே தில்லை?" என்றான்.

"ஆனப்புறம் சொல்றதுக்கு நீ எதுக்குடா?"

"கோவப்படாத. எட்டுப் பேரு எதிர் எதிரா உக்காந்து கத்தணும். எதப் பத்திக் கத்துவான்? இந்தப் பக்கம் ஒருத்தன் டேங்குக்கு ஆதரவாப் பேசுவானா? எனக்கு ஒரு வில்லன் வேணும். டேங்குக்கு முகம் கிடையாது."

"கம்பெனி மொதலாளிக்கு முகம் இருக்கே?"

"இருக்கு. அந்த முகம்தான் எங்க சேனலுக்கு விளம்பரம் குடுக்குது."

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தார், என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். வேலுவின் வீடியோவைப் பார்த்தார். மீட்டர் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, அதன் அடியில் சாம்பல் பட்டை.

"சாம்பல வெச்சு ஊரைக் காலி பண்ண முடியாது மேடம், விதி கிடையாது. நீங்க சொல்றீங்களேன்னு பண்ணா, மஞ்சளக் கேட்டு ஆர்டர் போட்டியான்னு எனக்கு மெமோ வரும். பச்சையில வரட்டும், அடுத்த நிமிஷம் நான் முனையூர்ல நிப்பேன்" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பியும் வைத்தார்.

வேறு வழி தெரியவில்லை. அன்று மாலை நிகழ்ச்சியில் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ரூபன் வேண்டாம் என்றான். "உன் மூஞ்சி வந்தாலே சிரிப்பாங்கடி" என்றான். நான் கேட்கவில்லை. அழுது சொன்னால், கத்திச் சொன்னால், காலில் விழுந்து சொன்னால் நம்பாமலா போவார்கள்?

அன்று கோகுல்நாத் குரல் இல்லை, கூத்து இல்லை. மேடையில் நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினேன்.

கழற்றியதுதான் தாமதம். முன்வரிசை சிரித்தது.

"இல்ல, இல்ல. இது நிஜம். சத்தியமா நிஜம்" என்றேன். ஹாலே சிரித்தது. முனையூர் என்றேன், சிரிப்பு. டேங்க் என்றேன், சிரிப்பு. மீட்டர் வீடியோவைத் திரையில் போட்டான் ரூபன். முள் துடிப்பதைப் பார்த்து ஒரு அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "சிரிக்காதீங்கய்யா! என் தங்கச்சி அங்க இருக்கா! செத்துப் போவாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். தில்லைநாயகியின் நடிப்பிலேயே இதுதான் உச்சம் என்று, நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் ஊரெல்லாம் அந்த வீடியோ பறந்தது. முனையூர்க்காரர்களே ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்களாம். எங்கள் ஊர் டிவியில் வந்துவிட்டது என்று பெருமை.

மறுநாள் காலை ஷிப்டில் முதல் டேங்க் பிளந்தது.

காற்று கடல் பக்கம் திரும்பியதால் வடிவின் தெரு தப்பியது. யார்டில் இருந்தவர்கள் தப்பவில்லை. தெற்குத் தெருவில் பலர் தூக்கத்திலேயே போனார்கள். வேலு கேட் வரைக்கும் ஓடி வந்திருக்கிறான், கேட் பூட்டியிருந்திருக்கிறது. அவன் முகத்தை வடிவுக்குக் காட்டவில்லை. நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

எக்காளம் நியூஸ் ஒரு நிமிடம் ஒதுக்கியது. 'ஈரக்காற்றால் முனையூரில் மூச்சுத்திணறல்.' அதன் பிறகு ஒரு நடிகையின் விவாகரத்து, எட்டுப் பெட்டி, கூச்சல்.

ஜனங்கள் பிணங்களைப் புதைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். வேறெங்கே போவார்கள்? இரண்டாவது டேங்க் அப்படியே நின்றது. அதே குழாய், அதே பழுதான கூலிங் மிஷின். ஒன்றும் ஆகாது என்று கம்பெனி சொன்னது. பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்துவிடும்படி வடிவிடம் கெஞ்சினேன். "அந்த டேங்கு நிக்கற வரைக்கும் நான் எங்கயும் வர மாட்டேன். அவரு சொன்னத நான் சொல்லணும்" என்றாள். கேமரா முன்னால் உட்கார்ந்து, இருந்தது இருந்தபடி பேசிப் போட்டாள். அழவில்லை. பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் சாம்பலை எதிர்பார்த்தேன். மஞ்சள் வந்தது.

"எப்படிடா?" என்று ரூபனைப் பிடித்து உலுக்கினேன். அவன் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ முனையூர் முழுக்க உன் வீடியோவத்தான் அனுப்பியிருக்கா. அச்சு அசல் உன் ஜாடை வேற. அதே டேங்க், அதே பேச்சு. பாக்கறவன் எல்லாம் ரெண்டாம் பாகம்னு நெனச்சு சிரிக்கறான். சிஸ்டம் அவள உன் ட்ரூப்புல சேத்துடுச்சு."

கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். 'அக்காவ மிஞ்சிட்டா தங்கச்சி.' 'வெறும் கழுத்தோட உக்காந்திருக்கற கெட்டப் செம.'

அன்று மத்தியானமே எக்காளம் அலுவலகத்துக்குப் போனேன். கோகுல்நாத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேக்கப்காரரை வெளியே அனுப்பிவிட்டு, கழுத்தில் துண்டோடு என்னைப் பார்த்தான்.

"தங்கச்சி வீட்டுக்காரரு போயிட்டாராமே. கேள்விப்பட்டேன். மனசு சரியில்ல."

"உன் மனசு கெடக்கட்டும். ரெண்டாவது டேங்க் நிக்குது. அதக் காலி பண்ண வைக்கணும். உனக்கு என்ன வேணும் சொல்லு."

"அன்னிக்கே சொன்னேனே தில்லை. டேங்குக்கு முகம்..."

"முகம் நான் தரேன்."

"யாரோடது?"

"என்னோடது."

அவன் துண்டை எடுத்துக் கீழே வைத்தான். நான் சொல்லிக்கொண்டே போனேன். உண்மையாகவே ஆபத்து இருந்தது. அதைக் காமெடியாக்கி ஊரைச் சிரிக்க வைத்து, வெளியேற இருந்தவர்களை வெளியேற விடாமல் செய்தாள் ஒரு காமெடிக்காரி. கம்பெனியிடம் கை நீட்டிக் காசு வாங்கினாள். சொந்தத் தங்கையின் தாலியையே அறுத்தாள். தங்கையே வந்து சொல்லப் போகிறாள். எட்டுப் பெட்டியும் நிரம்பும். உன் விளம்பரக்காரனுக்கும் நோகாது, பழி என் தலையில் விழுந்துவிடும். நடுவில் ஒரே ஒரு வரி: 'இன்னொரு டேங்க் இருக்கிறது, அதை இன்றே காலி செய்யுங்கள்.' அதை மட்டும் வெட்டக் கூடாது.

கோகுல்நாத் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினான்.

"நீயே எழுதிக் குடுத்துடு. உன்ன இந்த அளவுக்குத் திட்டறதுக்கு எங்கிட்ட ஆள் இல்ல" என்றான்.

எழுதினேன். உண்மையைச் சொல்வதென்றால், வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. எங்கே குரல் உடைய வேண்டும், எங்கே பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். இத்தனை வருஷம் அவனைப் போல் நடித்தது வீண் போகவில்லை.

வடிவுதான் மறுத்தாள்.

"உன்னத் திட்டவா? நீ காசு வாங்கினேன்னு நான் சொல்லவா? அபாண்டம்க்கா. நாக்கு அழுகிடும்."

"உள்ளதச் சொன்னே, மஞ்சள் வந்துச்சு. பச்சை வரணும்னா கோகுல்நாத் பக்கத்துல உக்காந்து, பாக்கறவன் கொதிக்கற மாதிரிப் பொய்தான் சொல்லியாகணும். உன் தெருவுல எத்தன புள்ளைங்க இருக்குன்னு யோசி."

"ஒனக்கு என்னக்கா ஆவும்?"

"எனக்கு என்ன ஆகப் போவுது? ரெண்டு நாளு திட்டுவாங்க, மறந்துடுவாங்க."

அவள் வெகுநேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தாளை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை நானும் ரூபனும் ஹாலில் நாற்காலிகளைக்கூட விரிக்காமல் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். கோகுல்நாத் முழங்கினான். 'உயிரோடு விளையாடிய காமெடி ராணி' என்று என் முகம் திரை முழுக்க நின்றது. எட்டுப் பேரும் என்னைக் கிழித்தார்கள். நடுவில் வடிவு. அவள் பேசத் தொடங்கியபோது பட்டை சாம்பலில் ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பச்சையானது. "ஏறுதுடி, ஏறுது!" என்று ரூபன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். வடிவு எழுதிக் கொடுத்ததை வரி தப்பாமல் சொன்னாள். காசு வாங்கினாள் என்றாள். கூடப் பிறந்தவள் இல்லை, எமன் என்றாள். இரண்டாவது டேங்க் என்ற வரியையும் தெளிவாகச் சொன்னாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தாளை மடித்து வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பேசினாள்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு ரொம்பப் பயந்து போயிருந்தாரு. காலைல ஷிப்டுக்குப் போவல, எல்லாருமா கெளம்பிடலாம்னு துணியெல்லாம் எடுத்து வெச்சாரு. அப்பதான் எங்கக்கா வீடியோ வந்துச்சு. மீட்டர எடுத்ததே அவருதான். அவரே சிரிச்சுட்டாரு. 'உங்கக்கா பேசுனா இருக்கற பயமும் போயிடுதுடி'ன்னாரு. எடுத்து வெச்ச துணிய அவரே திரும்ப அடுக்கிட்டு, காலைல வேலைக்குப் போயிட்டாரு."

கோகுல்நாத் விளம்பர இடைவேளைக்குப் போகக்கூட மறந்துவிட்டான். நான் தொடையில் தட்டினேன். "பாத்தியாடா ரூபா? நாம யாருமே யோசிக்கல பாரு இத!" என்றேன். ரூபன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நாங்கள் நினைத்தபடியே நடந்தது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த அதிகாரி சொன்ன சொல் தவறாமல் முனையூரில் போய் நின்றார். ஊரையே பேருந்தில் ஏற்றி வெளியே கொண்டு போனார்கள், டேங்கர் லாரிகள் வரிசை கட்டின, இரண்டாவது டேங்க் காலியானது. ஒரு உயிர் போகவில்லை. என் வீட்டு ஜன்னல்கள் போயின. வழக்குப் போட்டார்கள், ஹால்காரர் பூட்டை மாற்றினார், ரூபன் ஊருக்குப் போய்விட்டான். என் முகத்தைப் பார்த்து இப்போது யாரும் சிரிப்பதில்லை, காறித் துப்புகிறார்கள். அதனால் எனக்கே பச்சை வந்துவிட்டது.

டேங்க் காலியான செய்தி வந்ததும் வடிவுக்குப் போன் செய்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் அழுவாள், என்னிடம் மன்னிப்புக் கேட்பாள், போடி பைத்தியக்காரி என்று சொல்லலாம் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்றேன்.

"ம்."

"நீ இருக்கியே, பலே ஆளு! கடைசியில சேத்த பாரு, வேலு சிரிச்சான், துணிய அடுக்கினான்னு. கோகுல்நாத்தே மெரண்டுட்டான். அந்த ஒரு வரிதான்டி தூக்கி நிறுத்துச்சு. இத்தன வருஷம் எழுதற எனக்கே வரல. எங்கேர்ந்துடி புடிச்ச அத?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"அது நான் புடிச்சதில்லக்கா" என்றாள் வடிவு. "நடந்தது."